மைக்கி கார்டு: 12 வருஷமா தட்டி ஏறுறவனோட ரிவ்யூ

போன வருஷம் அம்மா மெல்பர்ன் வந்திருந்தாங்க. வந்த மூணாவது நாள் டிராம்ல கூட்டிட்டுப் போனேன், ஏறி உக்காந்ததும் சுத்திமுத்தி பாத்துட்டு "கண்டக்டர் எங்கப்பா, டிக்கெட் யார்கிட்ட வாங்குறது"ன்னு கேட்டாங்க. கண்டக்டரே கிடையாதும்மா, 1998லயே டிராம்ல இருந்து எல்லாரையும் எடுத்துட்டாங்க, இந்த மைக்கி கார்டு தான் டிக்கெட்டுன்னு சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் கார்ட திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இதுல காசு தப்பா எடுத்துட்டா யார்கிட்ட கேக்குறது?"ன்னாங்க. அந்தக் கேள்விக்கு பதில் தேடித் தேடி படிச்சதுல தான் இவ்வளவு நீளமா எழுதத் தோணுச்சு. மெல்பர்ன்ல புதுசா வந்திருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேரு மைக்கி எப்படின்னு கேக்குறாங்க, அவங்களுக்கும் உதவும்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். ஒரே கார்டுல ட்ரெய்ன், டிராம், பஸ் மூணும் போலாம். காசு போட்டு வச்சுட்டா கணக்கு அதுவே பாத்துக்கும், ரெண்டு மணி நேர டிக்கெட் போதுமா, நாள் முழுக்க டிக்கெட் லாபமான்னு நாம யோசிக்கவே வேணாம், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்காதுன்னு வரம்பு இருக்கு (2025ல அது 11 டாலர், ரெண்டு மணி நேரத்துக்கு 5.50). சாயங்காலம் 6 மணிக்கு மேல தட்டினா அந்த ரெண்டு மணி நேர டிக்கெட்டே விடியக்காலை 3 மணி வரைக்கும் செல்லும், ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு இது பெரிய உபகாரம். சிட்டி நடுவுல ஃப்ரீ டிராம் ஜோன் 2015ல இருந்து இருக்கு, அதுக்குள்ள மட்டும் சுத்துறதா இருந்தா கார்டே தட்ட வேண்டாம்.

கார்டுக்குள்ள இருக்குற சிப்பும் நல்ல சிப். டெஸ்ஃபயர்னு பேரு. இதே மாதிரி பயணக் கார்டுகளான லண்டன் ஆய்ஸ்டர்லயும் நெதர்லாந்து ஓவி சிப்கார்ட்டுலயும் அப்ப இருந்தது மைஃபேர் கிளாசிக்ங்குற வேற சிப், அதோட ரகசியப் பூட்ட 2008ல நைமேகன் ராட்பவுட் பல்கலைக்கழக ஆளுங்க உடைச்சுக் காட்டிட்டாங்க. தயாரிச்ச கம்பெனி அந்தக் கட்டுரைய வெளியிடக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போச்சு, நீதிபதி ஒத்துக்கல. அந்தத் தலைவலி மெல்பர்னுக்கு வரல. தேர்ந்தெடுத்த ஆளுக்கு ஒரு சபாஷ் சொல்லியே ஆகணும்.

இப்ப குறைக்கு வரேன். டிராம்ல ஏறுன பிறகு கார்டு வாங்க முடியாது, காசும் போட முடியாது. வெளியூர்ல இருந்து ஒரு நாளைக்கு வந்தவங்களும் 6 டாலர் குடுத்து கார்டு வாங்கணும், அந்த 6 டாலர் திரும்ப வராது. கார்டுக்கு நாலு வருஷம் தான் ஆயுசு, அப்புறம் மாத்தணும். ஆன்லைன்ல காசு போட்டா கார்டுல ஏற 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம்னு அவங்களே சொல்லி வச்சிருக்காங்க. பேங்க் ஆப்புல காசு அனுப்பினா ஒரு நொடில போகுது, இதுக்கு மட்டும் ஏன் ஒரு நாள்னு நிறைய பேரு கேக்குறாங்க. காரணம் இது தான்: உங்க பேலன்ஸ் கார்டு சிப்புக்குள்ளயே எழுதி இருக்கு. நீங்க ஆன்லைன்ல 20 டாலர் போட்டா, 'இந்த நம்பர் கார்டு வந்தா 20 டாலர் எழுதிடு'ன்னு கார்ட படிக்குற மெஷின், அதாவது ரீடர், ஒவ்வொண்ணுக்கும் தகவல் போய்ச் சேரணும், ஸ்டேஷன்ல நிக்குற ரீடருக்கு சீக்கிரம் போயிடும், ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்குற பஸ்ஸுக்குள்ள இருக்குற ரீடருக்கு? அதான் தாமதம். ஸ்டேஷன் மெஷின்லயோ செவன் இலெவன் கடையிலயோ போட்டா கார்ட அங்கயே வச்சு எழுதிடுவாங்க, உடனே ஏறிடும். 2005ல இப்படிக் கட்டுனதுல தப்பே இல்ல, அன்னிக்கு அது தான் வழி. ஆனா அத மாத்துறதுக்கு இவ்வளவு வருஷம் ஆகுது பாருங்க, அங்க தான் விஷயமே இருக்கு.

நான் ஐடில டெஸ்டிங் வேல பாக்குறேன், அவுட்சோர்சிங் ப்ராஜெக்ட்ல தான் என் முழு வேலை வாழ்க்கையும் போயிருக்கு, அதனால மைக்கி கதைய படிக்கும்போது ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமான வரியா இருந்துச்சு. முன்னாடி இங்க மெட்கார்டுன்னு காந்தப் பட்டை வச்ச அட்டை டிக்கெட் இருந்துச்சு. அதுக்கு பதிலா ஸ்மார்ட்கார்டு கொண்டு வரணும்னு மெல்பர்ன் இருக்குற விக்டோரியா மாநில அரசு ஒரு தனி ஆணையம் அமைச்சு, 2005 ஜூலைல காம்கோங்குற கூட்டமைப்புக்கு 49 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ஒப்பந்தம் குடுத்துச்சு. 2007ல ஓட ஆரம்பிக்கணும்னு பேச்சு. காம்கோக்கு தலைமை கீன்ங்குற அமெரிக்க ஐடி கம்பெனி. பஸ் டிக்கெட், ரயில் கேட் இதெல்லாம் அவங்களோட பரம்பரைத் தொழில் இல்ல.

மாநில ஆடிட்டர் ஜெனரல் 2015 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டாங்க, முடிஞ்சா தேடிப் படிங்க. ரெண்டு வருஷத்துல முடியும்னு நினைச்ச வேலை ஒன்பது வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, 99 கோடியே 90 லட்சம் டாலர்னு போட்ட மொத்த பட்ஜெட் 55 கோடி ஏறி 155 கோடி கிட்ட போச்சு. ஏன்னு கேட்டா, ஆரம்பத்துல என்ன வேணும்னு எழுதுனதே தெளிவா இல்ல, ஆசை மட்டும் ரொம்பப் பெருசா இருந்துச்சு. ஒப்பந்தம் 'இந்த விளைவு வரணும்'ன்னு எழுதி இருந்துச்சு, எப்படி வரணும், எத்தனை நொடில வரணும், வராட்டி என்னங்குறது போதுமான அளவு எழுதல.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஐடில இருக்குறவங்களுக்குத் தெரியும். நாங்க இதுக்கு சேஞ்ச் ரிக்வெஸ்ட்னு சொல்லுவோம். வாங்குறவங்க 'வேகமா வேல செய்யணும்'ன்னு எழுதி இருப்பாங்க, செய்யுறவங்க ஒரு மாதிரி செஞ்சு குடுப்பாங்க, இது மெதுவா இருக்குன்னு வாங்குறவங்க சொன்னா 'வேகம்னா இத்தன மில்லிசெகண்ட்னு ஒப்பந்தத்துல இல்லயே, இது புது தேவை, தனி காசு'ன்னு பதில் வரும். ரெண்டு பக்கமும் வக்கீல் வந்து உக்காருவாங்க. வாங்குறவங்க பக்கத்துல ரீடர கழட்டிப் பாத்து 'இது ஏன் மெதுவா இருக்குன்னு எனக்குத் தெரியும்'னு சொல்ற ஒரு ஆள் இருந்தா அந்தப் பேச்சு பத்து நிமிஷத்துல முடியும். அந்த ஆள் இல்லன்னா பத்து மாசம். மைக்கி ரீடர் ஆரம்பத்துல ஒரு கார்ட டக்குனு படிக்கும், அடுத்தத யோசிச்சு யோசிச்சுப் படிக்கும்னு ஊரே பேசுன விஷயம், பிற்பாடு வேகமான புது ரீடர்கள் போட்ட பிறகு தான் அது சரியாச்சு.

இன்னொன்னு கேளுங்க. ஒப்பந்தம் போட்ட கீன் கம்பெனிய 2007ல காரிட்டார்னு ஒரு கம்பெனி வாங்குச்சு, அப்புறம் 2011 வாக்குல ஜப்பான் என்டிடி டேட்டா வாங்குச்சு. அதாவது பொண்ணு பாக்க வந்த குடும்பம் வேற, தாலி கட்டும்போது இருந்த குடும்பம் வேற, குடித்தனம் நடத்துற குடும்பம் வேற. அரசுப் பக்கம் இருந்த ஆணையத்தையும் பிற்பாடு பிடிவிங்குற பொதுப் போக்குவரத்து அமைப்போட சேத்துட்டாங்க. ரெண்டு பக்கமும் மொதல்ல கையெழுத்து போட்ட வீடே இல்ல, கார்டு மட்டும் நம்ம பாக்கெட்ல இருக்கு.

2007 போச்சு. 2008 டிசம்பர்ல ஜீலாங்ங்குற பக்கத்து ஊர் டவுன் பஸ்ல மொதல்ல விட்டாங்க. மெல்பர்ன்ல 2009 முடியறதுக்குள்ள கண்டிப்பா வந்துடும்னு அரசு வாக்கு குடுத்திருந்துச்சு, அந்த வாக்க காப்பாத்த டிசம்பர் 29ஆம் தேதி, வருஷம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது, ட்ரெய்னுக்கு மட்டும்னு திறந்து விட்டாங்க. டிராமும் பஸ்ஸும் ஏழு மாசம் கழிச்சு 2010 ஜூலைல தான். நம்ம ஊர்ல கட்டி முடிக்காத வீட்டுக்கு நல்ல நாள் தப்பிடக் கூடாதுன்னு பால் காய்ச்சுற மாதிரி. இடையில போக்குவரத்து அமைச்சர் லின் காஸ்கி 2010 ஜனவரில குடும்பக் காரணம்னு சொல்லி விலகினாங்க, நவம்பர்ல ஆட்சியே மாறிடுச்சு.

புதுசா வந்த பெய்லியூ அரசு இத நிறுத்திடலாமான்னு யோசிச்சு, டிலாய்ட்ங்குற ஆலோசனை கம்பெனிய வச்சு ஆராய்ஞ்சு பாத்து, நிறுத்துறத விட வச்சுக்குறதே மேல்னு 2011 ஜூன்ல முடிவு சொன்னாங்க. அப்ப சில விஷயத்த வெட்டுனாங்க, ஒரு தடவ மட்டும் போறவங்களுக்கு குடுக்க வேண்டிய குறுகிய கால டிக்கெட் போச்சு, டிராமுக்குள்ள வைக்க வேண்டிய டிக்கெட் மெஷினும் போச்சு. மேல நான் சொன்ன குறை, டிராம்ல ஏறுன பிறகு ஒண்ணும் வாங்க முடியாதுங்குறது, அன்னிக்கு எடுத்த முடிவு. யாரோ மறந்துட்டதால வந்த குறை இல்ல இது, காசு மிச்சம் பிடிக்கணும்னு வெட்டி எடுத்த இடம். வெட்டுப்பட்டது எப்பவாவது ஒரு தடவ வர்ற ஆளுங்க, அவங்களுக்காகப் பேச அந்த மேஜையில யாரும் இல்ல. 2012 டிசம்பர் 29ல மெட்கார்ட முழுசா நிறுத்திட்டாங்க.

எனக்கு மனசு கனத்துப் போன பகுதி அபராதம். 2014 ஆகஸ்ட்ல இருந்து, டிக்கெட் சரியில்லன்னு பிடிச்சா அங்கயே 75 டாலர் கட்டிட்டு போயிடலாம்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, கட்டிட்டா மேல்முறையீடு கிடையாது. ரீடர் ஒழுங்கா தட்டலியா, கார்டு கோளாறா, ஆளு ஏமாத்துனானான்னு நிரூபிக்க தெம்பு இல்லாதவங்க, இங்கிலீஷ் சரியா வராதவங்க, அவசரத்துல இருக்குறவங்க எல்லாம் தப்பு இல்லன்னாலும் கட்டிட்டுப் போனாங்க. ஜூலியன் பர்ன்சைடுங்குற பெரிய வக்கீல் 2016ல, மைக்கி அபராதத்த எதுத்து வழக்காடுறவங்களுக்கு காசு வாங்காம உதவுறேன்னு வெளிப்படையா சொன்னாரு. அரசு மேல வர்ற புகார விசாரிக்குற மாநில ஆம்புட்ஸ்மன் டெபரா கிளாஸும் விசாரிச்சு அறிக்கை குடுத்தாங்க. 2017 ஜனவரி 1ல இருந்து அந்த 75 டாலர் முறைய எடுத்துட்டாங்க. மெஷின் செஞ்ச தப்புக்கு மனுஷன் பதில் சொல்லணும்ங்குற நிலைமைய ரெண்டரை வருஷம் ஓட விட்டது சின்னத் தப்பு இல்ல.

இங்க வர்றதுக்கு முன்னாடி நான் வேற ஒரு நாட்டுல ப்ராஜெக்ட்ல இருந்தேன், ஊர் பேரு வேணாம். அங்க பஸ் கார்டுக்கு ஆன்லைன்ல காசு போட்டேன், பேங்க்ல இருந்து போயிடுச்சு, கார்டுல ஏறல. டிரைவர் கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்குப் போன் பண்ணுன்னாரு. அந்த நம்பர் பஸ் கம்பெனி இல்ல, கார்டு நடத்துற கம்பெனியோட கால் சென்டர். அவங்க எங்களுக்கு வரல, பணம் வாங்குற கம்பெனிய கேளுங்கன்னாங்க. பணம் வாங்குற கம்பெனி நாங்க அனுப்பிட்டோம்னு ரசீது காட்டுச்சு. கடைசில பஸ் டெப்போவுக்கே போனேன். கவுன்டர்ல ஒரு அம்மா, எங்க அம்மா வயசு இருக்கும், ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க, நான் போட்ட காசு அதுல ஒரு வரில தெரியுது, பக்கத்துல 'நிலுவை'ன்னு இருக்கு. "தம்பி எனக்கும் தெரியுது, ஆனா என்னால பாக்க மட்டும் தான் முடியும், மாத்த முடியாது"ன்னு சொன்னாங்க. அந்த ஸ்கிரீன்ல ஒரு பட்டன் கூட இல்ல. ஏழு வாரம் கழிச்சு ஒரு விளக்கமும் இல்லாம பேங்க்ல காசு வந்து விழுந்துச்சு, யாரு அனுப்புனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

கும்பகோணம் பக்கம் டவுன் பஸ்ல கண்டக்டர்கிட்ட சில்லறை இல்லன்னா டிக்கெட் பின்னாடி மீதி எவ்வளவுன்னு எழுதிக் குடுப்பாரு. இறங்கறதுக்குள்ள ஞாபகமா கேட்டு வாங்கணும். சில சமயம் மறந்துட்டு இறங்கிடுவோம், மறுநாள் அதே பஸ்ஸுல அதே ஆள பாத்து டிக்கெட்ட நீட்டினா குடுத்துடுவாரு. காசு வாங்குன கை, கணக்கு எழுதுன கை, திருப்பிக் குடுக்குற கை எல்லாம் ஒரே கை. நான் பழைய காலம் மாதிரி வராதுன்னு சொல்ல வரல, ஒரு கோடி தடவ கார்டு தட்டுற ஊருக்கு மெஷின் வேணும். ஆனா அந்த டெப்போ அம்மா கையில ஒரு பட்டன் இருந்திருக்கணும். வேலைய வெளில குடுக்கலாம், பதில் சொல்ற அதிகாரத்தையும் சேத்து வெளில குடுத்துடக் கூடாது.

லண்டன்ல இத அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. ஆய்ஸ்டர் டிரான்சிஸ்ங்குற கூட்டமைப்புக்கு 1998ல குடுத்த ஒப்பந்தம், கார்டு வந்தது 2003. 2008 ஜூலை 12 சனிக்கிழமை காலையில ஒப்பந்தக்காரங்க அனுப்புன தப்பான தரவுப் பட்டியல் ஒண்ணு ரீடர்களுக்குப் போய், தட்டுன கார்டெல்லாம் கெட்டுப் போச்சு, பல பத்தாயிரம் கார்ட மாத்திக் குடுக்க வேண்டி வந்துச்சு. அதே மாசம் 25ஆம் தேதி திரும்பவும் சிஸ்டம் படுத்துச்சு. அடுத்த மாசமே அந்த ஒப்பந்தத்த முன்கூட்டியே முடிக்கிறோம்னு லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் அறிவிச்சுடுச்சு. அதுக்கப்புறம் அவங்க செஞ்சது தான் எனக்குப் பிடிச்சது: பேங்க் கார்ட தட்டி ஏறுற முறைய 2012ல பஸ்லயும் 2014ல ட்யூப்ங்குற சுரங்க ரயில்லயும் கொண்டு வந்தாங்களே, அதோட பின்னணி சிஸ்டத்த சொந்த ஆளுங்கள வச்சே வடிவமைச்சாங்க, 2016ல அத வெளியூருக்கு விக்கிற உரிமைய அந்த டிரான்சிஸ் கூட்டமைப்புல இருந்த க்யூபிக் கம்பெனிக்கே காசுக்குக் குடுத்தாங்க. யாருகிட்ட வாங்கிக்கிட்டு இருந்தாங்களோ அவங்களுக்கே வித்தாங்க!

ஹாங்காங் ஆக்டோபஸ் கார்டு 1997ல வந்து ஓடுச்சுன்னா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு, ரயில் பஸ் நடத்துறவங்களே சேந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அத நடத்துனாங்க. பக்கத்துல சிட்னிய பாருங்க, 2000 ஒலிம்பிக்ஸுக்குள்ள வரணும்னு பேசுன டிகார்டு 2008 ஜனவரில ரத்தாகி கோர்ட்டுக்குப் போச்சு, அப்புறம் வேற வழியில ஓபல் 2012 டிசம்பர்ல தான் வந்துச்சு. பெர்த்தும் பிரிஸ்பேனும் 2007, 2008ல சத்தமில்லாம கார்டு கொண்டு வந்துட்டாங்க, அதனால ஆஸ்திரேலியால முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஒரு விஷயம் விட்டுப் போச்சு, தரவு. 2018ல தரவ ஆராயுற ஒரு போட்டிக்காக மைக்கி பயண விவரங்கள வெளில குடுத்தாங்க, மூணு வருஷத்து பயணம், ஒன்றரைக் கோடி கார்டு. பேரு இல்ல, நம்பர் மாத்திட்டோம், அதனால பத்திரம்னு நினைச்சாங்க. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆளோட ரெண்டு மூணு பயணம் தெரிஞ்சா போதும், அந்தக் கார்ட பிடிச்சு மிச்ச பயணத்தையெல்லாம் பாக்கலாம்னு காட்டுனாங்க, ஒரு எம்எல்ஏ ட்விட்டர்ல போட்ட பதிவ வச்சே அவரு கார்ட கண்டுபிடிச்சாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு தினமும் எத்தன மணிக்கு எந்த ஸ்டேஷன்ல ஏறுதுங்குறது அதுல இருக்கு. அதனால மத்த எல்லாத்த விட இது எனக்கு பயமா இருந்துச்சு.

ஒப்பந்தம் 2016ல திரும்பவும் என்டிடி டேட்டாக்கே போச்சு, ஏழு வருஷம், 70 கோடி டாலர். 2019ல ஆண்ட்ராய்டு போனுக்கு மொபைல் மைக்கி வந்துச்சு, ஐஃபோனுக்கு அப்ப வரல. சிட்னில பேங்க் கார்ட தட்டி ஏறுறது 2018லயே ட்ரெய்னுக்கு வந்துடுச்சு, மெல்பர்ன் அதுக்கான ஒப்பந்தம் போட்டதே 2023ல, கான்டுவன்ட்ங்குற அமெரிக்க கம்பெனியோட, 15 வருஷம், 170 கோடி டாலர். 15 வருஷம்னா இப்ப பிரைமரி ஸ்கூல் போற பிள்ளை வேலைக்குப் போற வரைக்கும். இந்தத் தடவையாவது அரசுப் பக்கத்துல ரீடர கழட்டிப் பாக்கத் தெரிஞ்ச பத்து பேர சம்பளம் குடுத்து வச்சிருக்கணும்னு மனசார வேண்டிக்கிறேன். 170 கோடில அந்தப் பத்து பேர் சம்பளம் தூசு.

ரேட்டிங் கேட்டா, கார்டுக்கு 5க்கு 3 ஸ்டார், அத வாங்குன விதத்துக்கு 1 ஸ்டார்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்கன்னா: ஏர்போர்ட்ல இருந்து சிட்டிக்கு வர்ற ஸ்கைபஸ்ங்குற பஸ்ல மைக்கி செல்லாது, அதுக்கு தனி டிக்கெட். அவங்க வர்றதுக்கு முந்தின நாளே செவன் இலெவன்ல கார்டு வாங்கி 20 டாலர் போட்டு வைங்க, ஆன்லைன்ல போடாதீங்க. கார்டு பின்னாடி நம்பர போட்டோ எடுத்து வைங்க, ஆன்லைன்ல பதிஞ்சு வச்சா தொலைஞ்சாலும் காசு போகாது. பர்ஸோட சேத்து தட்ட வேண்டாம்னு சொல்லுங்க, உள்ள பேங்க் கார்டு இருந்தா ரெண்டும் மோதும். ட்ரெய்ன்லயும் பஸ்லயும் இறங்கும்போதும் தட்டணும், ஜோன் 1ங்குற உள் பகுதில ஓடுற டிராம்ல இறங்கும்போது தட்ட வேண்டாம். அப்புறம் கார்ட வச்சுட்டு பீப் சத்தம் கேக்குற வரைக்கும் எடுக்கக் கூடாது. எங்க அம்மா அத மட்டும் மொத நாளே சரியா பிடிச்சுக்கிட்டாங்க, பின்னாடி பத்து பேர் நின்னாலும் ஸ்கிரீன்ல பேலன்ஸ வாய்விட்டுப் படிச்சுட்டு தான் நகருவாங்க.